பள்ளிக் கார்னிவல்: கையால் செய்த விளையாட்டுகள் தகராறு செய்தால் எங்கே பார்ப்பது

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பள்ளிகளில் நூலக அலமாரிக்கும் கழிப்பறைக்கும் நிதி திரட்ட கார்னிவல் நடத்தும்போது, பெற்றோரும் ஆசிரியர்களும் வீட்டிலேயே விளையாட்டுகளைச் செய்து கொண்டுவந்து கடை போடுகிறார்கள். முந்தின இரவு வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) வைத்துப் பார்த்தபோது ஒழுங்காக ஓடியது காலையில் மைதானத்தில் ஓடாது. அப்போது முதலில் எங்கே கை வைக்க வேண்டும் என்பதற்குத்தான் இந்தக் குறிப்பு. கடை கடையாகச் சுற்றிச் சரிசெய்யும் வேலை ஆண்டுதோறும் என் பங்குக்கு வருவதால், திரும்பத் திரும்ப வரும் பழுதுகள் எவை என்று தெரிந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் செலவில்லாததை முதலில் பாருங்கள். பலகையை அறுப்பதும் புதிதாகச் செய்வதும் கடைசி.

ஒரு நிபந்தனையோடுதான் எல்லாவற்றையும் சொல்கிறேன். பத்து ரூபாய் கொடுத்து ஆடும் பிள்ளைக்கு ஜெயிக்க உண்மையான வாய்ப்பு இருக்க வேண்டும். ஜெயிக்கவே முடியாத அளவில் வளையம் செய்து நிதி சேர்ப்பது பள்ளிக்கு அழகல்ல. சின்ன வகுப்புப் பிள்ளைகள் மூன்று ஆட்டத்துக்கு ஒரு முறையும், பெரிய பிள்ளைகள் ஐந்தாறு ஆட்டத்துக்கு ஒரு முறையும் ஜெயிக்கும்படி அமைப்பது நியாயம் என்பது என் கணக்கு.

பழுது பார்க்கும் பெட்டியில் உப்புத்தாள், இன்சுலேஷன் டேப், சணல், கட்டுக்கம்பி, குறடு, சுத்தியல், ஸ்பேனர், வாஷர்கள், புது பேட்டரிகள், சாக்பீஸ், ரசமட்டம், இரண்டு சாக்கு, ஒரு வாளி உலர்ந்த மணல் இருக்கட்டும். ரசமட்டம் கிடைக்கவில்லையென்றால் பாட்டிலில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றிப் படுக்கவைத்தாலும் சாய்வு தெரிந்துவிடும்.

## வளையம் எறிதல்

### வளையம் ஒன்றுகூட விழவில்லை

முதலில் கோடு. பெரியவர் ஒருவர் எறிந்து பார்த்துப் போட்ட கோடு இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தூரம். அந்த வயதுப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு இருபது வளையம் எறியச் சொல்லுங்கள். ஓர் ஆட்டத்துக்கு மூன்று வளையம் என்றால், இருபதில் இரண்டு மூன்றாவது விழ வேண்டும். விழவில்லையென்றால் கோட்டை ஓர் அடி முன்னே கொண்டுவந்து மறுபடி எறியச் சொல்லுங்கள். பெரும்பாலும் இதோடு சரியாகிவிடும்.

கோட்டை நகர்த்தியும் விழாமல், வளையம் பாட்டில் அருகே இறங்கித் துள்ளி ஓடுகிறதா? அப்படியானால் தரைதான் காரணம். கருங்கல்லும் சிமென்ட்டும் வளையத்தைத் துள்ள வைக்கும். கூடத்தில் ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால் வழுக்கலும் சேர்ந்துகொள்ளும். அந்தக் கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல் வார்ப்பதால் முகம் வழவழவென்று இருக்கும். விழுந்த வளையம் கடைசி வரிசை வரை சறுக்கிப் போகும். சாக்கை நனைத்துப் பிழிந்து விரித்து, அதன்மேல் பாட்டில்களை நிறுத்தினால் துள்ளலும் சறுக்கலும் அடங்கிவிடும். மைதானத்துச் செம்மண்ணில் இந்தத் தொல்லை இல்லை.

துள்ளவில்லை, ஆனால் பறக்கும்போதே விலகிப் போகிறது என்றால் வளையத்தில் கனம் இல்லை. அட்டையிலும் பேப்பர் தட்டிலும் வெட்டிய வளையங்கள் காற்றோடு போகும். செடிக்குத் தண்ணீர் பாய்ச்சும் அரை அங்குல ஓஸ் குழாயை 55 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, உள்ளே உலர்ந்த மணல் நிரப்பி, ஒரு மரக்குச்சித் துண்டை இரு முனைகளிலும் செருகி இணைத்து டேப் சுற்றுங்கள். உள்விட்டம் ஏறக்குறைய 16 செ.மீ. வரும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அகலம் சுமார் 8 செ.மீ.; அதைப்போல் இரண்டு மடங்கு வளையம் இருந்தால்தான் சின்னப் பிள்ளைகளால் போட முடியும். மணலில் ஈரம் இருந்தால் ஒரு பக்கமாகத் திரண்டு வளையம் கோணலாகப் பறக்கும். முதல் நாளே வெயிலில் காயவைத்து நிரப்புங்கள்.

### எல்லோரும் ஜெயித்துவிடுகிறார்கள்

பாட்டில்கள் நெருக்கமாக நிற்கின்றனவா என்று பாருங்கள். நெருக்கி வைத்தால் எப்படி எறிந்தாலும் ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொள்ளும். ஒரு சாண் இடைவெளி விட்டு நிறுத்துங்கள்.

இடைவெளி சரியாக இருந்தும் ஜெயிக்கிறார்கள் என்றால், எறிபவர்கள் எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பையன்களாக இருக்கும். சாக்பீஸ் கோட்டில் காலை வைத்துக்கொண்டு உடம்பை மடித்து எட்டிப் போடுவார்கள். கோட்டுக்குப் பதில் இடுப்புயரத்துக்கு ஒரு கயிறு கட்டினால் எட்டுவது நின்றுவிடும். பெரிய பிள்ளைகளுக்கு இரண்டடி பின்னால் தனிக் கயிறு. இரண்டையும் கடை திறக்கும்போதே கட்டிவிடுங்கள். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது விதியை இறுக்கினால் வரிசையில் நிற்கும் பிள்ளைகள் முகம் வாடிவிடும்.

## டப்பா அடுக்கு

### பந்து எறிவதற்கு முன்பே சரிகிறது

மேசையை ஒரு விரலால் அழுத்திப் பாருங்கள். ஆடினால், காலுக்கு அடியில் பலகைத் துண்டு கொடுங்கள். மழை பெய்த மறுநாள் செம்மண்ணில் மேசைக் கால்கள் மெதுவாக இறங்கும். காலையில் மட்டமாக இருந்தது பத்து மணிக்குச் சாய்ந்திருக்கும். நான்கு கால்களுக்கும் பலகை வைத்துவிடுவது நல்லது.

மேசை ஆடவில்லையா? பின்னால் கட்டிய தார்ப்பாயைப் பாருங்கள். காற்று வந்தால் அது உப்பி வந்து கடைசி டப்பாவின் முதுகில் இடிக்கும். பந்து படாமலே அடுக்கு சரிவதை நின்று கவனித்தால் தெரியும். மேசையை இரண்டடி முன்னால் நகர்த்துங்கள், தார்ப்பாயின் அடி ஓரத்தைக் கல் வைத்துக் கட்டுங்கள். ஆடிக்காற்று வீசும் காலத்தில் கார்னிவல் வைத்தால் கடையின் முதுகு மேற்கே இருக்கட்டும். அதன் பிறகும் சரிந்தால், கீழ் வரிசை டப்பாக்களில் இரண்டு விரல் உயரத்துக்கு மணல் போட்டு மூடுங்கள்.

### பந்து பட்டும் சரியவில்லை

மணல் கூடிவிட்டதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பந்து கனமில்லாதது. டென்னிஸ் பந்து 60 கிராம்கூட இல்லை. பட்டுவிட்டுத் திரும்பி வரும். பழைய காலுறைக்குள் துணியும் ஒரு பிடி மணலும் வைத்து உருண்டையாகத் தைத்த பந்து நன்றாக இடிக்கும், துள்ளாது, யார் மேல் பட்டாலும் காயம் வராது. கார்க் பந்து எந்தக் காரணத்துக்கும் வேண்டாம்.

மூடியை வெட்டித் திறந்த பால்பவுடர் டப்பாவின் விளிம்பு கத்திக்குச் சமம். உள்பக்கமாகச் சுத்தியலால் தட்டி மடித்து டேப் ஒட்டாத டப்பாவை அடுக்கில் வைக்காதீர்கள். அடுக்குவது பெரும்பாலும் பிள்ளைகள்தான்.

## சுழல் சக்கரம்

இதில்தான் புகார் அதிகம் வரும். பரிசு எண்ணில் நிற்பதே இல்லை என்றால் பிள்ளைகள் ஏமாற்றுவதாக நினைப்பார்கள். பெரிய பரிசிலேயே வந்து நின்றால் கடைக்கு நஷ்டம்.

### ஒரே எண்ணில் வந்து நிற்கிறது

எண்ணைத் தட்டி நிறுத்தும் நாக்கை முதலில் விலக்கிக் கட்டிவிட்டு, சக்கரத்தை மெதுவாகச் சுற்றிவிட்டுத் தானாக நிற்க விடுங்கள். நான்கைந்து முறை சுற்றியும் ஒரே இடம் அடியில் வந்து நின்றால் அந்தப் பக்கம் கனம் அதிகம். ஒட்டுப்பலகையின் உள்ளே மரம் எங்கும் ஒரே கெட்டியாக இருக்காது. கையால் அறுத்த வட்டமும் சீராக இருக்காது. கனமான இடத்துக்கு நேர் எதிரே, பலகையின் பின்பக்கம், விளிம்பை ஒட்டி ஒரு வாஷரை டேப்பால் ஒட்டுங்கள். மறுபடி சுற்றுங்கள். இன்னும் அதே இடம் கீழே வந்தால் இன்னொரு வாஷர். புதிய இடம் கீழே வந்தால் கனம் கூடிவிட்டது, வாஷரை மையத்தை நோக்கிச் சற்று நகர்த்துங்கள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிற்கத் தொடங்கினால் வேலை முடிந்தது. வாஷரைத் திருகாணியால் இறுக்கிவிடலாம்.

நாக்கு இல்லாமல் சரியாக நிற்கிறது, நாக்கை மாட்டியதும் ஓர் எண்ணில் மட்டும் சிக்குகிறது என்றால், நாக்கு தட்டிச் செல்லும் விளிம்பு ஆணிகளில் ஒன்றுதான் காரணம். கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகச் சுற்றிக் கேளுங்கள். டக் டக் என்று வரும் ஒலியில் ஒன்று மட்டும் அழுத்தமாகக் கேட்கும். அந்த ஆணி மற்றவற்றைவிட உயர்ந்தோ வளைந்தோ இருக்கும். குறடால் நிமிர்த்துங்கள், சுத்தியலால் மட்டமாக்குங்கள்.

இரண்டும் சரியென்றால் சுற்றுகிறவரைக் கவனியுங்கள். கடையில் நிற்பவரே ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணிலிருந்து ஒரே வேகத்தில் சுற்றினால் ஒரே பக்கம்தான் வரும். பிள்ளையே சுற்ற வேண்டும், இரண்டு சுற்றாவது முழுதாகப் போக வேண்டும் என்று பலகையில் எழுதி மாட்டுங்கள்.

கடை திறக்க நேரமாகிவிட்டது, கனத்தைச் சரிசெய்ய முடியவில்லை என்றால் சக்கரத்தை மேசை மேல் படுக்கவைத்துவிடுங்கள். ரசமட்டம் வைத்து இரு பக்கமும் மட்டம் பார்த்து நிறுத்தினால், ஒரு பக்கம் கனமாக இருந்தாலும் அந்தப் பக்கம் இழுக்காது. குட்டிப் பிள்ளைகளுக்கும் கை எட்டும்.

### சுற்றிவிட்டதும் உடனே நின்றுவிடுகிறது

நாக்கைத் தொட்டுப் பாருங்கள். மூங்கில் சீவலோ தடித்த பிளாஸ்டிக்கோ இருந்தால் அதுவே பிரேக் ஆகிவிடும். பழைய ரீசார்ஜ் கார்டு, அஞ்சலட்டைத் துண்டு போதும். ஆணியில் நுனி மட்டும் உரச வேண்டும்.

நாக்கு மெல்லியதுதான் என்றால் நடு நட்டு. இறுகியிருந்தால் கால் சுற்று தளர்த்துங்கள். பலகைக்கும் நட்டுக்கும் இடையே வாஷர் இல்லாவிட்டால் ஒன்று போடுங்கள்.

அதற்கும் மசியவில்லையென்றால் செம்மண் புழுதி. மைதானத்தில் ஒரு மணி நேரம் நின்றாலே பேரிங்குக்குள் புகுந்துவிடும். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, ஒரு சொட்டு தையல் இயந்திர எண்ணெய் விடுங்கள். எண்ணெயை அதிகம் விட்டால் அடுத்த புழுதியும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

பலகையில் போட்ட துளையிலேயே போல்ட்டு உரசிக்கொண்டு சுற்றும் சக்கரத்தை எத்தனை முறை சரிசெய்தாலும் நிலைக்காது. சைக்கிள் கடையில் பழைய முன்சக்கர ஹப் (சக்கரத்தின் நடுவே அச்சோடு சுழலும் பாகம்) கேளுங்கள், மலிவாகவே கிடைக்கும்.

### அகலவாட்டில் ஆடிக்கொண்டே சுற்றுகிறது

ஹப்பின் கோன் (உள்ளே இருக்கும் பால்ரஸ் குண்டுகளை அணைத்துப் பிடிக்கும் நட்டு) தளர்ந்திருக்கும், அல்லது பலகை நெளிந்திருக்கும். விளிம்பைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். நடுவில் கடகடவென்றால் கோன். அதை இறுக்குவதும் பால்ரஸ் மாற்றுவதும் சைக்கிள் கடைக்காரர் வேலை; இறுக்கம் கூடினால் பால்ரஸ் நொறுங்கிவிடும், நாமாக முயலாமல் அவரிடமே கொடுங்கள். நடுவில் ஆட்டம் இல்லாமல் விளிம்பு மட்டும் உள்ளே வெளியே போனால் பலகை பனியில் நனைந்து நெளிந்திருக்கிறது. இரவில் வெளியே விட்ட பலகைக்கு இப்படித்தான் ஆகும். அன்றைக்கு நாக்கைச் சற்று நீளமாக்கிச் சமாளிக்கலாம். மூன்றடிக்கு மேல் பெரிய சக்கரமாக இருந்து, தாங்கும் சட்டமே ஆடினால் கடையைத் திறக்காதீர்கள். ஆசாரியைக் கூப்பிட்டுக் குறுக்குச் சட்டம் அடிக்கச் சொல்லுங்கள். அது பிள்ளைகள் மேல் விழக்கூடிய பொருள்.

## கம்பியில் வளையம் நகர்த்துதல்

வளைந்து நெளிந்த கம்பியைத் தொடாமல் வளையத்தைக் கொண்டுபோக வேண்டும், தொட்டால் பஸ்ஸர் ஒலிக்கும். எந்தக் கார்னிவலிலும் கூட்டத்தை இழுப்பது இதுதான்.

### பஸ்ஸர் ஒலிக்கவே இல்லை

பஸ்ஸரின் இரண்டு ஒயர்களையும் நேராக பேட்டரியில் வைத்துப் பாருங்கள். சிவப்பு ஒயர் கூட்டல் முனையில். மாற்றி வைத்தால் ஒலிக்காது. நேராக வைத்தும் ஒலிக்கவில்லை என்றால் புது பேட்டரியில் வையுங்கள். அதிலும் ஒலிக்காவிட்டால் பஸ்ஸரை மாற்றுங்கள். முனகுவதுபோல் மெலிதாக ஒலித்தால், 12 வோல்ட் பஸ்ஸரை 3 வோல்ட்டில் ஓட்டுகிறீர்கள் என்று பொருள். 3 முதல் 24 வோல்ட் வரை என்று எழுதியதாகக் கேட்டு வாங்குங்கள்.

பேட்டரியில் நேராக ஒலிக்கிறது, வளையத்தைக் கம்பியில் வைத்தால் ஒலிக்கவில்லையா? கம்பி எது என்று பாருங்கள். மோட்டார் கடையில் வாங்கிய வைண்டிங் கம்பி செம்புதான் என்றாலும் அதன்மேல் வார்னிஷ் பூச்சு இருக்கும், மின்சாரம் கடக்காது. முழு நீளத்துக்கும் உப்புத்தாளால் சுரண்ட வேண்டும், வளையத்தின் உள்பக்கத்தையும்தான். சுரண்டிய இடம் பளிச்சென்று ரோஜா நிறத்தில் தெரியும். அலுமினியக் கம்பியும் வேண்டாம், அதன்மேல் படலம் படிந்துகொண்டே இருக்கும். மூன்று மில்லிமீட்டர் ஜி.ஐ. கம்பி (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) மலிவு, வளைத்தபடியே நிற்கும்.

கம்பியும் சரியென்றால் இணைப்புகள். முறுக்கி டேப் சுற்றிய ஒவ்வொரு முடிச்சையும் ஆட்டிப் பாருங்கள். வளையத்தின் கைப்பிடிக்குள் போகும் ஒயர்தான் முதலில் அறும், பிள்ளைகள் இழுக்கும் இழுப்பு முழுவதும் அங்கே விழுவதால். கைப்பிடிக்கு அருகே ஒயரில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்தால் இழுப்பு முடிச்சோடு நின்றுவிடும்.

### நிற்காமல் ஒலிக்கிறது

வளையத்தைத் தூக்கிக் காற்றில் பிடியுங்கள். ஒலி நின்றால், வளையம் ஓய்வெடுக்கும் இரு முனைகளிலும் டேப் சுற்றவில்லை; ஐந்து செ.மீ. நீளத்துக்குச் சுற்றுங்கள். நிற்கவில்லையென்றால் பெட்டிக்கு அடியில் இரண்டு ஒயர்களின் தோல் உரித்த பகுதிகள் ஒன்றையொன்று தொடுகின்றன.

### சில இடங்களில் மட்டும் ஒலிக்கவில்லை

வியர்வைக் கையும் புழுதியும் படிந்து அழுக்கேறியிருக்கும். மணிக்கு ஒரு முறை உப்புத்தாளால் ஒரு தேய். பார்த்துக்கொண்டே நிற்கும் பிள்ளைகள் அந்த இடம் எது என்று கண்டுபிடித்துவிடுவார்கள், அதற்குள் தேய்த்துவிடுங்கள்.

### ஒலிக்கிறது, ஆனால் ஒலிபெருக்கிச் சத்தத்தில் கேட்கவில்லை

பஸ்ஸரோடு இணையாக ஒரு சிவப்பு எல்.இ.டி. விளக்கு வையுங்கள். 9 வோல்ட் பேட்டரியென்றால் இடையில் 470 ஓம் ரெசிஸ்டர் கட்டாயம், இல்லாவிட்டால் கருகிவிடும்.

பேட்டரி அடிக்கடி தீர்கிறதே என்று யாராவது வீட்டு மின்சாரத்தில் மாட்டலாம் என்பார்கள். கூடவே கூடாது. பிள்ளை வெறுங்கையால் பிடிக்கும் கம்பி அது. அடாப்டர் வழியாகக்கூட வேண்டாம். மாலையில் கடைக்கு விளக்குப் போட வேண்டுமென்றால், ஈரத் தரையில் ஒயர் இழுக்கும் வேலையை எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

## ஆணிப் பலகையில் கோலி உருட்டுதல்

### கோலி பாதியில் சிக்கிக்கொள்கிறது

பலகையின் சாய்வைக் கூட்டுங்கள், ஒரு செங்கல் போதும். அப்போதும் ஒரே இடத்தில் சிக்கினால் அங்கே ஆணி இடைவெளி குறைவு. சாதாரணக் கோலி ஒன்றரை செ.மீ.க்குச் சற்று அதிகம்; ஆணிக்கு ஆணி இரண்டரை செ.மீ. வேண்டும். வளைந்த ஆணியை நிமிர்த்தினாலே பெரும்பாலும் வழி கிடைத்துவிடும். பல இடங்களில் சிக்கினால் ஆணியைப் பிடுங்கி அடிப்பதைவிடச் சின்னக் கோலி வாங்குவது எளிது.

### எப்போதும் நடு அறையிலேயே விழுகிறது

இது பழுது இல்லை. இடமும் வலமுமாகத் தட்டுப்பட்டு வரும் கோலி நடுவில் அதிகம் விழும், ஓரத்தில் குறைவாக விழும். நடு அறையில் பென்சிலும் ஓர அறைகளில் பெரிய பரிசும் வைத்தால் போதும். நடுவை விட்டு ஒரே பக்கமாக விழுந்தால்தான் பழுது. குறுக்கே ரசமட்டம் வையுங்கள்.

## கொட்டானில் பந்து போடுதல்: விழுந்த பந்து வெளியே துள்ளுகிறது

நம் ஊர்க் கொட்டான், அதாவது பனையோலைக் கூடை, இந்த விளையாட்டுக்கு அருமையான பொருள். பிளாஸ்டிக் வாளியைவிடப் பார்க்கவும் அழகு. ஆனால் காலியாக வைத்தால் அதன் ஓலை அடி பந்தை எழும்ப வைக்கும், கொட்டானும் கவிழும். அடியில் ஒரு கல்லை வைத்து, அதன்மேல் பழைய வேட்டித் துணியை மடித்துப் போடுங்கள். இன்னும் துள்ளினால் கொட்டானை எறிபவர் பக்கம் சற்றுச் சாய்த்து வையுங்கள். பந்து பின்சுவரில் மோதி உள்ளேயே விழும். நாள் முழுதும் அடிபட்டால் வாய்ப்பின்னல் பிரியும். பூத்தையல் போட்ட நல்ல கொட்டானைக் கொண்டுவராதீர்கள், பழையது போதும்.

## காந்தத் தூண்டிலில் மீன் மாட்டவில்லை

மீனில் குத்தியிருக்கும் கிளிப்பைக் காந்தத்தில் நேரடியாக ஒட்டிப் பாருங்கள். ஒட்டவில்லையென்றால் கிளிப் பித்தளையாகவோ காந்தம் பிடிக்காத எவர்சில்வராகவோ இருக்கும். சாதாரண இரும்பு கிளிப் மாற்றுங்கள். ஒட்டுகிறது, தூக்கும்போது விழுகிறது என்றால் அட்டை மீன் தண்ணீரில் ஊறிக் கனத்துவிட்டது. தண்ணீர் வேண்டாம், நீலத் துணி விரித்தால் போதும். காந்தமே வலுவில்லையென்றால் ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் பழைய ஸ்பீக்கர் காந்தம் கிடைக்கும்.

வெள்ளிபோல் பளபளக்கும் பொத்தான் அளவுக் காந்தங்களைச் சின்னப் பிள்ளைகள் கடையில் பயன்படுத்தவே கூடாது. அவற்றில் இரண்டை விழுங்கிவிட்டால் குடலின் மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும், குடலில் ஓட்டை விழும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

## வாளிக்குள் காசு: ஒன்றும் தம்ளரில் விழவில்லை

தண்ணீர் ஆழம் கூடினால் காசு விலகும். ஒரு சாண் ஆழத்துக்குக் குறையுங்கள், அல்லது அடியில் இருக்கும் தம்ளரை எடுத்துவிட்டுக் கிண்ணம் வையுங்கள். காசைப் படுக்கவைத்து விடாமல் நிமிர்த்தி விட்டால் நேராக இறங்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். கற்றுக்கொண்டு ஜெயிப்பது நல்லதுதானே. தண்ணீர் கலங்கினால் உடனே மாற்றுங்கள். வாளியைக் கவிழ்க்காமல் காசை எடுக்க, கயிற்றில் கட்டிய காந்தத்தை உள்ளே விடலாம். எவர்சில்வர் நிறத்து ஒரு ரூபாய்க் காசு அதில் ஒட்டும், மஞ்சள் நிற ஐந்து ரூபாய் ஒட்டாது.

## பலூன் தானாக வெடிக்கிறது

வெயில். பலகையைப் பந்தல் நிழலுக்கு மாற்றுங்கள், முக்கால் அளவுக்கு மட்டும் ஊதுங்கள், ஊதி வைத்ததை வகுப்பறையில் வைத்துக்கொண்டு தேவைக்கு எடுத்து வாருங்கள். ஆறாம் வகுப்புக்குக் கீழே ஊசி அம்பு கொடுக்க வேண்டாம்.

## கூட்டம் இருக்கிறது, பணம் சேரவில்லை

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். ஓர் ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் ஆனால் மணிக்கு 30 ஆட்டம், பத்து ரூபாய் வீதம் 300 ரூபாய். அதையே 40 விநாடியில் முடித்தால் 90 ஆட்டம், 900 ரூபாய். நேரம் போவது ஆட்டத்தில் இல்லை. சிதறிய வளையங்களைப் பொறுக்குவதிலும் டப்பாவை அடுக்குவதிலும்தான். இரண்டு செட் வைத்துக்கொண்டு, பொறுக்குவதற்கு மட்டும் ஒரு பிள்ளையை நிறுத்துங்கள்.

ஆட்டம் வேகமாக நடந்தும் வரிசை நகரவில்லை என்றால் சில்லறை. ஒவ்வொரு கடையிலும் காசு வாங்குவதை நிறுத்திவிட்டு, வாசலில் ஒரே மேசையில் டோக்கன் விற்கச் சொல்லுங்கள்.

டோக்கன் நிறைய விற்றும் கையில் நிற்கவில்லையென்றால் பரிசு விலை. மூன்று ஆட்டத்துக்கு ஒருவர் ஜெயிக்கும் கடையில் பரிசு 15 ரூபாய் என்றால் ஆட்டத்துக்கு 5 ரூபாய், பாதி வருமானம் பரிசுக்கே போய்விடும். ஆறு ரூபாய்க்குள் பரிசை அடக்குங்கள். சீப்புச் சீடையும் தேன்குழலும் சின்னப் பொட்டலமாகக் கட்டித் தர ஏதாவது ஒரு வீட்டு ஆச்சியைக் கேளுங்கள். பேரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்றால் மறுக்கமாட்டார்கள். கடைப் பொம்மையைவிட அதற்குத்தான் பிள்ளைகள் ஓடிவருகிறார்கள்.

மதியத்துக்குள் பரிசு தீர்ந்துவிட்டால் கடையை மூட வேண்டாம். பலகாரக் கடையில் மாற்றிக்கொள்ளும்படி ஐந்து ரூபாய்ச் சீட்டு எழுதிக் கொடுங்கள், கொடுத்த சீட்டுகளின் எண்ணிக்கையைக் குறித்துவைத்து மாலையில் இரண்டு கடைக் கணக்கையும் நேர் பார்த்துக்கொள்ளுங்கள்.